ஸ்பிதிக்கு பைக்கில் குழுவோடு: எந்தப் பக்கமிருந்து ஏறுவது, எங்கே தங்குவது, எது பழுதாகும்

கேள்வி இது: "கோவையிலிருந்து ஆறு பேர் செப்டம்பரில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போக நினைக்கிறோம். வழிகாட்டி, மெக்கானிக், பின்தொடரும் வண்டி எல்லாம் சேர்த்து ஆறு நாள் பேக்கேஜ் ஒன்று பார்த்திருக்கிறோம். மணாலியில் தொடங்கி மணாலியிலேயே முடிகிறது. முதல் இரவே ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா. கொல்லிமலை, வால்பாறை எல்லாம் ஓட்டியிருக்கிறோம். தாபோ, கீ மடாலயங்களைப் பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். திட்டம் சரியா? எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?"

அந்தப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். வண்டி, விலை எல்லாம் பிறகு பேசலாம். அதில் ஏறும் திசையே தவறு. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே கிளம்பி, 4,551 மீட்டர் உயரக் குன்சும் கணவாயைக் கடந்து, அன்றிரவே சுமார் 3,700 மீட்டரில் உள்ள காசாவில் படுத்தால், தூங்கும் உயரம் ஒரே நாளில் 1,650 மீட்டர் கூடிவிடும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. உங்கள் பேக்கேஜ் அந்த அளவைப் போல மூன்று மடங்கு ஏற்றுகிறது. இப்படிப் போகிறவர்களில் பலர் முதல் இரவு தலைவலியிலும் வாந்தியிலும் கழித்து, மறுநாள் கீ மடாலயத்தின் படியேற மூச்சில்லாமல் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிய பழக்கம் கைக்கும் கண்ணுக்கும் உதவும். ஆனால் அந்த மலையின் மேல்தளமே 1,300 மீட்டரை ஒட்டித்தான். நுரையீரலுக்கு அது ஒன்றும் கற்றுத் தந்திருக்காது.

சிம்லாவிலிருந்து ஏறுங்கள், மணாலியில் இறங்குங்கள். சத்லஜ் ஆற்றை ஒட்டிக் கின்னோர் வழியாகப் போகும் பாதை மெல்ல மெல்ல உயர்கிறது. நீங்கள் பார்க்க விரும்பும் பழைய கோயில்களும் கோம்பாக்கள் எனப்படும் புத்த மடாலயங்களும் உடம்பு நின்று பழக வேண்டிய உயரங்களிலேயே வரிசையாக இருக்கின்றன. ஆகவே கோம்பாக்களுக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கிவிட்டாலே உடம்புக்கும் வேண்டிய ஓய்வு கிடைத்துவிடும். அவசரமாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் இரண்டும் கெட்டுப்போகிறது.

ஆறு பேருக்கு நான் சொல்லும் அட்டவணை: சராஹனில் ஓர் இரவு, கல்பாவில் இரண்டு, தாபோவில் இரண்டு, காசாவில் மூன்று, சந்திரதால் ஏரியருகே ஒன்று, பத்தாம் நாள் மணாலி. உயரக் கணக்கைப் பாருங்கள். கல்பா 2,960. அங்கிருந்து தாபோ 3,280, கூடுவது 320 மீட்டர். தாபோவிலிருந்து காசா போனால் சுமார் 400. மூன்று இரவு காசாவில் பழகிய பிறகு சந்திரதால் முகாம், சுமார் 4,250 மீட்டர். இதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு வேண்டும். மண்சரிவில் பாதை அடைபட்டால் திறக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அந்த இரண்டு நாள் இல்லாத குழுக்கள்தான் இருட்டிய பிறகும் ஓட்டுகிறார்கள்.

ஏற்பாட்டாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தை எழுதித் தரச் சொல்லி. தர முடியாதவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

உயர நோயைப் பற்றி

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை, அசதி சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "வெயில் பட்டதால் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில்தான் ஆபத்து. லேசாக இருந்தால் அதே இடத்தில் தங்கி, தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் தணியும். மேலே மட்டும் போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறி, நடை தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அவர் கையில் சாவி இருக்கக்கூடாது. உடனே வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

எங்கே இறக்குவது என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். காசாவிலிருந்து மணாலிப் பக்கம் போனால் இறங்குவதற்கு முன் குன்சுமில் 850 மீட்டர் ஏற வேண்டும். நோயாளிக்கு அது ஆகாது. தாபோ 400 மீட்டர்தான் தாழ்வு. லேசாக இருந்தால் அதுவே போதும். முற்றினால் கின்னோர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவரை, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே போய் ஆக்சிஜன் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இந்தக் கணக்கையெல்லாம் உங்கள் வழிகாட்டி மனப்பாடமாக வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அசிட்டசோலமைடு மாத்திரையைத் தடுப்பாகப் பலர் எடுக்கிறார்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து வாங்குங்கள். விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். பயப்பட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் காசாவைக் கடக்கும்வரை இரண்டும் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குழுவுக்கு ஒன்று போதும். காசாவில் 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம்தான். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதைப் பாருங்கள்.

ஆக்சிஜன் என்று ஏற்பாட்டாளர் சொல்வது எது என்றும் கேளுங்கள். கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாவில் பத்து லிட்டரை ஒட்டித்தான் வாயு இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று விட்டால் ஐந்து நிமிடத்தில் காலி. இரும்பு உருளையில் 'பி' வகை 1,500 லிட்டர் பிடிக்கும். அதே வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். பின்தொடரும் வண்டியில் இருக்க வேண்டியது அந்த உருளை, அதோடு ரெகுலேட்டரும் முகமூடியும்.

வழியில் இருப்பவை

சிம்லாவிலிருந்து நார்கண்டா, ராம்பூர் வழியாக ஜியோரி வந்து, அங்கே பிரதான சாலையை விட்டு 17 கிலோமீட்டர் மேலேறினால் சராஹன். பீமாகாளி கோயில் இங்கே. தேவதாரு மரச்சட்டங்களையும் கல்லையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றி வைத்துச் சாந்து பூசாமல் எழுப்பிய சுவர்கள். நிலம் அதிரும்போது அடுக்குகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அதனால்தான் இப்பகுதியில் இந்தக் கட்டுமானம் நூற்றாண்டுகளாக நின்றிருக்கிறது. உள்ளே தோல் பொருள் அனுமதியில்லை. பெல்ட், பர்ஸ், தோல் ஜாக்கெட் எல்லாம் வெளியே வைக்க வேண்டும். தலையை மூட வேண்டும், தொப்பி அங்கேயே தருவார்கள். மாற்றுச் செருப்பு ஒன்றைப் பையின் மேல்பக்கம் வைத்திருங்கள். இனி வரும் ஒவ்வோர் இடத்திலும் பைக் பூட்ஸைக் கழற்றி மாட்டுவதிலேயே பத்துப் பத்து நிமிடம் போகும்.

கல்பாவில் இரண்டாம் நாள் பைக்கைத் தொட வேண்டாம். கின்னர் கைலாசச் சிகரம் எதிரே நிற்கிறது. ரோகி கிராமம்வரை நடந்துவிட்டு வாருங்கள்.

கல்பாவிலிருந்து தாபோ ஏறக்குறைய 165 கிலோமீட்டர். ஒன்பது மணிநேரம் என்று வைத்துக்கொண்டு ஆறரைக்கே கிளம்ப வேண்டும். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சத்லஜில் கலக்கிறது. அங்கே பாலத்தைக் கடந்ததும் வளைவுகள் நாக்கோவுக்கு ஏறத் தொடங்கும். நாக்கோ சுமார் 3,600 மீட்டர். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு சிறிய மண்கோயில்களையும் ஏரியையும் பார்த்துவிட்டு, தாழ்வான தாபோவுக்கு இறங்கித் தூங்குவது உடம்புக்கு நல்லது. நாக்கோவைத் தாண்டியதும் மல்லிங் ஓடைப் பகுதியில் மேலிருந்து கல் உருளும். அங்கே நின்று படம் எடுக்கக்கூடாது. ஒருவர் கடந்தபின் அடுத்தவர் என்று இடைவெளிவிட்டுப் போக வேண்டும்.

தாபோவுக்காகவே இந்தப் பயணம் போகலாம். 996ஆம் ஆண்டு மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ நிறுவியது. ரின்சென் சாங்போ என்ற பெரும் மொழிபெயர்ப்பாளரின் காலம் அது. நாற்பத்தாறு ஆண்டு கழித்து, 1042இல், அரச மரபைச் சேர்ந்த ஜாங்சுப் ஓ புதுப்பித்ததை உள்ளே உள்ள கல்வெட்டுப் போன்ற சுவரெழுத்து சொல்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாணம் பூசிய களஞ்சியம் மாதிரி மண்சுவர்தான் தெரியும். "இதற்கா இவ்வளவு தூரம்" என்று வாசலோடு திரும்பியவர்களும் உண்டு. பிரதானக் கோயிலுக்குள் நுழைந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நான்கு திசையும் நோக்கிய வைரோசன புத்தர் முதலில் தெரிவார். பிறகு சுவரிலிருந்து புடைத்து, மிதப்பதுபோல் அமர்ந்திருக்கும் 32 சுதைத் தெய்வங்கள் ஒன்றொன்றாகத் தெரியவரும். அந்தக் கூடமே ஒரு மண்டலம், அதாவது பௌத்தத் தியான வரைபடம். வரைபடமாகத் துணியில் பார்க்கும் மண்டலத்துக்குள் நீங்களே நடந்துபோகிறீர்கள்.

சுதைச் சிற்பங்களுக்குக் கீழே ஓடும் ஓவிய வரிசையில் சுதனன் என்ற வணிகர் மகன் ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போகும் கதை இருக்கிறது. கண்டவியூக சூத்திரத்தில் வரும் கதை. அவன் தெற்கே வந்து சந்திப்பவர்களில் ஒருவர் வஜ்ரபுரம் என்ற ஊரில் வாழும் மேகன் என்னும் திராவிடர். எழுத்திலும் மொழியிலும் வல்லவர் என்று சூத்திரம் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இமயத்தின் வறண்ட மூலையில் தென்னாட்டுப் பயணம் தீட்டப்பட்டிருப்பதைத் தமிழர் ஒருவர் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். வழிகாட்டி இதைச் சொல்லமாட்டார். நீங்களே மடத்துத் துறவியிடம் அந்தச் சுவரைக் காட்டச் சொல்லுங்கள்.

உள்ளே படம் எடுக்கக்கூடாது. காய்ந்த மண்பூச்சின்மேல் தீட்டிய வண்ணம் அது. வெளிச்சத்தில் மங்கும், விரல் பட்டால் உதிரும். முதுகுப் பையை மாட்டிக்கொண்டு திரும்பினால் சுவரில் உரசும் என்பதால் பை, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் வெளியே. மங்கலான சிறு டார்ச் ஒன்று போதும், அதையும் நேராக முகங்களில் அடிக்காமல் தரையில் அடித்துப் பாருங்கள். 1975 ஜனவரி நிலநடுக்கத்தில் இந்த வளாகமும் சேதமடைந்தது. அதன்பின் கட்டிய புதிய கூடத்தில்தான் காலை வழிபாடு நடக்கிறது. இரண்டு இரவு தங்கினால் ஒரு காலையாவது அதில் உட்காரலாம். 1983இலும் 1996இலும் தலாய் லாமா இங்கே காலசக்கர தீட்சை அளித்திருக்கிறார்.

இரண்டாம் நாள் பிற்பகல், விருப்பமிருந்தால், சும்தோப் பக்கம் திரும்பிப் போய் கியூ கிராமத்தில் உட்கார்ந்த நிலையிலேயே பதனமாகியிருக்கும் துறவி சங்கா தென்சினின் உடலைப் பார்க்கலாம். சுமார் 500 ஆண்டுப் பழமை. நேரம் குறைவென்றால் தாபோவுக்கு மேலே பாறைக் குகைகளில் இருங்கள், கியூவை விடுங்கள்.

தாபோவிலிருந்து காசா 47 கிலோமீட்டர்தான். அந்த நாளை டங்கருக்கும் லாலுங்குக்கும் கொடுங்கள். டங்கர் பழைய ஸ்பிதியின் தலைநகர். பின் ஆறும் ஸ்பிதி ஆறும் கூடுமிடத்துக்கு மேலே, அரித்துக்கொண்டே போகும் மண்கூம்புகளின்மேல் சுமார் 3,890 மீட்டரில் தொங்குகிறது. அழியும் ஆபத்திலுள்ள உலகின் 100 நினைவிடங்கள் பட்டியலில் 2006இல் சேர்க்கப்பட்டது. பழைய கோம்பாவின் மேல்தளங்களில் ஒரே நேரத்தில் பலர் ஏறக்கூடாது என்று வாசலில் சொல்வார்கள். ஆறு பேரும் இரண்டு மூன்றாகப் பிரிந்து போங்கள். பைக்குகளைப் புதிய மடத்தருகிலேயே நிறுத்துங்கள். லாலுங்கின் பொற்கோயில் ஒரே ஓர் அறை. மூன்று சுவர் முழுக்கச் சுதைச் சிற்பம். பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சாவி வைத்திருக்கும் லாமாவை ஊரில் தேடிப் பிடிக்க அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியைக் கொடுக்காததால்தான் பல குழுக்கள் லாலுங்கைப் பார்ப்பதேயில்லை.

காசாவில் முதல் நாள் கீ மடாலயம், கிப்பர், 2017இல் திறந்த சிச்சம் பாலம். மறுநாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக். கோமிக் 4,587 மீட்டர், அங்குள்ள தங்யுத் கோம்பா திபெத்திய பௌத்தத்தின் சாக்யா பிரிவினுடையது. காலையில் ஏறி மதியம் இறங்கிவிடுங்கள். லாங்சாவில் சிறுவர்கள் அம்மோனைட் புதைபடிவங்களை நீட்டுவார்கள், வாங்க வேண்டாம். கேட்க ஆளிருக்கும்வரை மலையைத் தோண்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஸ்தூபியையும் மந்திரக் கற்களை அடுக்கிய மணிச் சுவரையும் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். பைக்கில் போகும்போதும் அதுதான் முறை. குன்சும் உச்சியில் ஓட்டுநர்கள் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சைலன்சரை மாற்றிய வண்டி இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

வண்டி

காற்றழுத்தம் காசாவில் கடல் மட்டத்தின் 64 விழுக்காடு, குன்சுமில் 57. காற்று மெலிந்தால் எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் குறையும். வாடகைக்குப் பரவலாகக் கிடைக்கும் ஹிமாலயன் 411இன் 24 குதிரைத்திறன் குன்சும் உச்சியில் 15ஐ ஒட்டி வந்துவிடும். எரிபொருள் ஊசி முறை உள்ள வண்டி காற்றுக்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரியாக வைத்துக்கொள்ளும். ஆனால் போன பலத்தை அதுவும் திருப்பித் தராது. "வண்டி இழுக்கவில்லை" என்று மெக்கானிக்கிடம் சண்டை போட வேண்டாம்.

பழைய கார்புரேட்டர் புல்லட் என்றால் கலவை கெட்டியாகும். பிளக் கருகும், நின்ற இடத்தில் அணையும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றினால் ஊசி கீழிறங்கிக் கலவை மெலியும். மணாலியில் இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்கே மாற்ற வேண்டும், இல்லையென்றால் சமவெளியில் எஞ்சின் சூடேறும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டால் இழுக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஸ்பிதியின் தூசி மாவு போன்றது. ஒரே நாளில் பிஸ்டன் வளையத்தைத் தேய்த்துவிடும்.

இந்தப் பாதையில் மிக அதிகமாகப் போவது கிளட்ச். காரணம் பலக்குறைவுதான். வளைவில் வண்டி திணறியதும், கை தானாகக் கிளட்சைப் பாதி பிடித்து ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறது. தகடுகள் உரசிச் சூடாகி, கருகிய வாடை வரும். பிறகு எஞ்சின் அலறும், வண்டி நகராது. வாடை வந்தவுடன் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேபிளை இளக்குங்கள். ஆறிய பிறகும் வழுக்கினால் தகடு மாற்றுவதுதான் வழி. வராமல் தடுக்க, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, கிளட்சை முழுக்க விட்டு, ஒரே சீரான ஓட்டத்தில் ஏறுங்கள். செங்குத்தான கல்பாதையில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இறங்கி நடக்கட்டும்.

டயர் காற்றில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அளவுமானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம். சமவெளியில் நிரப்பியது மேலே போனால் ஆறு பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் பாதியைக் குறைக்கும். காசாவில் குளிர்ந்த காலையில் அளந்து சரிசெய்யுங்கள். கல்பாதைக்காக இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கலாம், அதற்குமேல் இறக்கினால் கூர்கல்லில் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். முன் பின் இரண்டுக்கும் உபரி டியூப் வேண்டும். ஒன்றுக்கே இடமிருந்தால் 21 அங்குல முன்சக்கர டியூப். அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் அதை மடித்துப் போட்டு ஊர் போய்ச் சேரலாம்.

மெக்கானிக்கின் பெட்டியில் இவை இருக்கின்றனவா என்று கிளம்புமுன் திறந்து பாருங்கள்: கிளட்ச் தகடுத் தொகுதி, கிளட்ச் மற்றும் ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள், கிளட்ச் பிரேக் லீவர்கள், பிரேக் பேடு, பிளக், ஃப்யூஸ், செயின் இணைப்பு, இரண்டு லிட்டர் எஞ்சின் ஆயில், எம்சீல், டயர் கம்பி, காற்றடிக்கும் பம்ப். லீவர் உடைவது மிகச் சாதாரணம்; நின்ற இடத்தில் சாய்ந்தாலே போதும்.

வாடகை வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தந்தால் விபத்தில் காப்பீடு கைவிரித்துவிடும். எடுக்கும்போதே பழைய கீறல்களை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ரெக்காங் பியோவில் நிரப்பினால் அடுத்தது காசா. கியூ, டங்கர், லாலுங் சேர்த்தால் 300 கிலோமீட்டர். 15 லிட்டர் டேங்க் தாங்கும், 13 லிட்டர் டேங்க் ஒட்டி ஒட்டித்தான் தாங்கும். பின்வண்டியில் ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு இருக்கட்டும். காசாவிலிருந்து மணாலிவரை நடுவில் நம்பக்கூடிய பங்க் இல்லை. கிளம்பும் காலையில் வரிசையில் நிற்காமல் முந்தைய மாலையே நிரப்புங்கள்.

கடைசி இரண்டு நாள்

காசாவிலிருந்து லோசர்வரை நல்ல சாலை. குன்சும் இறங்கினால் பாட்டல். அங்கிருந்து கிராம்பூவரை ஐம்பது கிலோமீட்டருக்கு உருளைக்கல், மணல், ஓடைகள். நான்கு மணி நேரம் வேண்டும். ஓடைகளில் வருவது பனி உருகிய நீர், ஆகவே அதிகாலையில் குறைவாகவும் பிற்பகலில் பெருகியும் இருக்கும். சந்திரதாலிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பச் சொல்வது இதனால்தான்.

ஓடையைக் கடக்குமுன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேல் நீர் வந்தாலோ, காலை இழுத்தாலோ காத்திருங்கள். கடக்கும்போது முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர், கண் எதிர்க்கரையில். கிளட்சைப் பிடித்தால் வேகம் போய் நடுவில் நிற்பீர்கள். இருவர் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கட்டும். வண்டி சாய்ந்து மூழ்கினால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. உருளைக்குள் புகுந்த நீர் அமுங்காது, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி, பிளக்கைக் கழற்றி, நீர் தெறித்து வெளியேறும்வரை எஞ்சினைச் சுழற்றி, வடிகட்டிப் பெட்டியை வடித்துவிட்டுப் பிறகே உயிர்ப்பிக்க வேண்டும். ஆயில் பால் நிறமாக மாறியிருந்தால் மாற்றாமல் ஓட்டக்கூடாது.

வரிசையின் முதலில் வழிகாட்டி, கடைசியில் மெக்கானிக். நடுவில் உள்ள ஒவ்வொருவரும் தன் கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். சாலை பிரியும் இடம் வந்தால் பின்னவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள். மூன்று மணிக்கு மேல் ஓடை, இருட்டில் ஓட்டம் இரண்டையும் மறுக்கும் அதிகாரம் வழிகாட்டிக்கு இருக்க வேண்டும். குழுவில் ஆறு பேரும் எதிர்த்தாலும் அவர் சொல்வதே முடிவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இரண்டாம் பாதி இன்னும் நல்லது. ஸ்பிதி மழைமறைவுப் பகுதி என்றாலும் அதற்குப் போகும் கின்னோர் அப்படியில்லை. 2021 ஆகஸ்டில் கின்னோரின் நிகுல்சாரியில் மலை சரிந்து 28 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் பருவம் தவறிய பனியில் சந்திரதால் முகாம்களில் 300 பேரளவில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ஏரிக்கரையிலேயே கூடாரம் போட அனுமதியில்லை. முகாம்கள் சில கிலோமீட்டர் முன்பே இருக்கின்றன. செப்டம்பர் கடைசியில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும்.

குழுவில் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் யாராவது சேர்ந்தால் கின்னோருக்கும் ஸ்பிதிக்கும் இடையிலான எல்லைப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இருக்காது என்பதால் கல்பாவின் ஓய்வு நாள் வார நாளாக அமையும்படி திட்டமிடுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை, அடையாள அட்டை போதும். காசாவில் ஸ்டேட் வங்கி ஏ.டி.எம். உண்டு, எப்போதும் பணம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ரெக்காங் பியோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராம்பூவைத் தாண்டியதும் தார்ச்சாலை, பிறகு 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம், மணாலி. குன்சும் திடீரென்று மூடிவிட்டால் வந்த வழியே சிம்லாவுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆகவே வண்டியை மணாலியில் விடுவதாக ஒப்பந்தம் போடும்போதே, தேவைப்பட்டால் சிம்லாவில் விட எவ்வளவு கூடுதல் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டை மணாலி சேரும் நாளுக்கு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.